பன்னிரண்டு மணி பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். பின்தெரு சாரதா வந்தாள். பார்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கொஞ்சம் கறுத்திருந்தாள். முகத்தில் ஏதோ ஒரு தெளிவு.

“அக்கா, நீங்க குடுத்த லிஸ்ட்டு அம்புட்டும் உபயோகம். ஒன்னே ஒன்னத்தான் சொல்லாம விட்டுட்டீங்க.”

“என்னத்தம்மா?”

“மணிய!”

எனக்கு விளங்கவில்லை. உட்காரச் சொன்னேன்.

நானும் என் கணவரும் டான்சானியாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அன்றிலிருந்து இந்தத் திருநகரில் யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் எங்கள் வீட்டு பெல் அடிக்கும். யோசனை சொல்வதென்றால் எனக்கும்... கேட்க வேண்டுமா?

சாரதாவுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டில் ப்ளவுஸ் தைக்கிறாள். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் தன் பாஷையைப் படபடவென்று பேசுவாள். டவுன் பஸ்ஸில் ஏறினால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள் — நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். கணவர் ரமேஷ், டான்சானியாவில் டாங்கா என்ற கடலோர ஊரில், ஒரு மில்லில் நூலுக்குச் சாயம் போடும் டையிங் மாஸ்டர்.

அவருக்கு மலேரியா முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கூட வேலை செய்பவர் போன் பண்ணினார். எப்போதோ கூட்டிப்போகலாம் என்று ரமேஷ் அவளுக்கு எடுத்துவைத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தது. சென்னையைத் தாண்டிப் போகாத சாரதா, “நான் போறேன்” என்று நின்றாள்.

நான் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வை. திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலேயே கேட்பார்கள். கொசுவலை இல்லாமல் படுக்காதே. கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடி. யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் நலம் விசாரி. எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. துறைமுகத்தை, பாலத்தை போட்டோ எடுக்காதே... கேமராவே இல்லாதவளுக்கு இதெல்லாம்!

தலைநகர் மாதிரியான பெரிய ஊர் டார்-எஸ்-ஸலாம். அங்கே இறங்கி லாட்ஜில் தங்கினாள். மறுநாள் போகிற டாங்கா பஸ்ஸுக்கு லாட்ஜ்காரர் டிக்கெட் வாங்கித் தந்தார். டிக்கெட்டில் 12 என்று எழுதியிருந்தது. பதினொன்றரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

பஸ் போய்விட்டிருந்தது.

“பன்னிரண்டுக்குத்தானே பஸ்?” என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்.

“ஆமாம். பன்னிரண்டுக்கே போய்விட்டதே” என்றார் அங்கே நின்ற வேறொரு பஸ் கண்டக்டர், வெகு பொறுமையாக.

வாட்ச்சில் மணி பதினொன்று முப்பத்தைந்து! அடுத்த பஸ்? எட்டு மணிக்காம்.

பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணி வரைக்குமா? அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதைத் தன் பாஷையில், வாய்விட்டே, அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். ஊரில் தாழ்த்திப் பேசுகிறவள்...

பக்கத்தில் பார்சல் அனுப்ப வந்து நின்றிருந்த குஜராத்தி அம்மாள் ஒருவர் சட்டென்று திரும்பினார். அவர் குஜராத்தியில் கேட்டார். இவள் சௌராஷ்டிரத்தில் சொன்னாள். அக்கா தங்கை பாஷைகள், பாதி புரிந்தது. பாதி போதாதா?

அந்த அம்மாள் சாரதாவின் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைக் காட்டினார். எட்டு என்று சொன்னால் எட்டைப் பார்க்காதே. அதற்கு நேர் எதிரே என்ன இருக்கிறது? இரண்டு. மதியம் இரண்டு மணிக்கு பஸ். பன்னிரண்டுக்கு எதிரே ஆறு. உன் பஸ் விடியற்காலை ஆறுக்கே போய்விட்டது, மகளே.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஊரில் மணியைப் பொழுது விடிந்ததிலிருந்துதான் எண்ணுவார்கள். விடிந்து ஒரு மணி நேரமானால் மணி ஒன்று. நம் பஞ்சாங்கத்து நாழிகையும் அப்படித்தானே? மூன்று வருடம் அந்தக் கணக்கிலேயே வாழ்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுத மறந்தேன். நமக்குப் பழகாததையெல்லாம் பக்கம் பக்கமாக எச்சரிப்போம். பழகிப்போனதைச் சொல்லத் தோன்றுவதே இல்லை.

அந்த அம்மாளே அவளை இரண்டு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் போனாராம்.

“பஸ்ஸு போச்சுக்கா... செவசெவன்னு மண்ணு. நம்ம தண்டவாளத்தோரம் நிக்கிற ரயில் கத்தாழை இருக்குல்ல, அதையே வயல் வயலா நட்டு வச்சிருக்காக. தூரத்துல நீலமா மலை. முழிச்சிருக்கேனா தூங்குறேனான்னே தெரியல. பயம் மட்டும் எங்கயோ கழண்டு விழுந்திருச்சு.”

டாங்காவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. நேராக ஆஸ்பத்திரி. வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு வெள்ளைக் கொசுவலை. மூன்றாவது வலைக்குள் ரமேஷ், பாதியாக இளைத்துப்போய். கண் திறந்துதான் இருந்தது. இவளைப் பார்த்தார். பேசாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு உசுரே போச்சு. வலையத் தூக்கி அவரு நெத்தியில கைய வச்சேன். அப்பத்தான் பதறிப்போய்க் கண்ணத் தொறந்தாரு.”

“ஏன் மூடினாராம்?”

“காய்ச்சல்ல நாலஞ்சு தடவ நான் வந்து நின்னேனாம். கூப்பிட்டா மறைஞ்சுருவேனாம். அதான் இந்தத் தடவ கூப்பிடாம இருந்தாராம்... கொஞ்ச நேரமாச்சும் நிக்கட்டும்னு.”

காபி ஆறிப்போயிருந்தது. தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள்.

ரமேஷ் இப்போது தேறிவிட்டார். லீவில் கூடவே வந்திருக்கிறார். அடுத்த மாதம் இருவரும் கிளம்புகிறார்கள். பழக்கதோஷம், நான் பேனாவைத் தேடினேன்.

“வேணாம்க்கா. அப்பப் போனது பாத்துட்டு வர. இப்பக் குடியிருக்கப் போறேன்.”

குடியிருக்கப் போகிறவளுக்கு யோசனை சொல்ல நான் யார்!