குழாயில் கத்திய டைரக்டர்

அம்மன் காரியம் என்பதால் இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

கல்வராயன் மலைக்குப் படம் பிடிக்க வந்த அமெரிக்க டைரக்டர், ஊமைப்படக் காலத்து ஆள். நரைத்த மீசை. படத்தில் சத்தம் பதியாது என்பதால், கேமரா ஓடும்போதெல்லாம் தகரக்குழாயில் கத்துவது அவர் பழக்கம்.

காய்ச்சலில் கிடந்த மகளுக்காக எங்கள் அம்மன் கோயிலில் வாக்குக் கேட்டு நின்றேன். அருள் வந்து பூசாரி பேசியபோது, அதைப் படம் பிடித்த டைரக்டர் குழாயில் கத்தினார். வாக்கு யார் காதிலும் விழவில்லை. அம்மன் மலையேறிவிட்டாள். பூசாரிக்கும் நினைவில்லை.

மொழிபெயர்ப்பாளரிடம் சீறினேன். "இன்னாய்யா பண்ணாரு உங்க தொரை?"

"கோச்சிக்காதீங்க. படம் நல்லா வந்திருக்காம். பேச்சு தேவையில்லையாம்."

"எனக்குப் பேச்சுதானேய்யா வேணும்! படத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?"

மகள் பிழைத்தாள். அம்மன் கேட்டது பொங்கலா, கிடாவா என்று தெரியாமல் இன்றும் எதையெதையோ படைக்கிறேன், வயிறு எரிகிறது.

போகும்போது அந்த டைரக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டார். ஏனென்று புரியவில்லை. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் அந்தக் கும்பிடையும் விடாதீர்கள், என் கோபத்தையும் குறைக்காதீர்கள்.