முடி மாத்திரை சாப்பிட்ட வருஷம்

எனக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கியதை முதலில் பார்த்தவர்கள் என் வாடிக்கையாளர்கள்தான். தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் உச்சந்தலை வாசலைப் பார்த்து இருக்கும். கால்சட்டை தைக்கக் கொடுத்திருந்த ஒரு மில் தொழிலாளி பெஞ்சில் காத்திருந்தார். "என்ன டைலரே, மேல ஒரு பல்பு எரியுது, கீழ ஒரு பல்பு எரியுது, கரண்டு பில்லு கட்டுப்படியாகுதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே தலைக்கு மேல் தொங்கிய பல்பைக் கழற்றிச் சுவரோரமாக மாட்டினேன். அதற்குப் பிறகு கறுப்புத் துணியில் தையல் போடக் கண் வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பித்தான் தைக்க உட்கார்ந்தவன், நாகல்நகரில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அக்கா மட்டும்தான். மூன்று தெரு தள்ளி அவள் வீடு. மச்சான் லோடு ஆட்டோ ஓட்டினார். இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான். அக்கா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். வந்த வரன்களில் இரண்டு இடம், மாப்பிள்ளைக்கு வயது கூடத் தெரிகிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டன. வயதில்லை, தலைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறு பிழிந்து பூசினேன். எங்கள் ஊரில் வெங்காயத்துக்கா பஞ்சம்? முடி வரவில்லை. ஆனால் ரவிக்கை வாங்க வந்த ஒரு டீச்சர் அதை மோந்து பார்த்துவிட்டு, கடையில் சமையலும் நடக்கிறதா என்று கேட்டார். அதோடு அதையும் விட்டேன்.

என் ரத்தத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு ரத்த தான முகாமில் சும்மா போய்க் கை நீட்டியபோது, எனக்கு ஓ நெகட்டிவ் என்று கண்டுபிடித்தார்கள். ஊரில் கிடைப்பது அரிது என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து எங்காவது அந்த வகை தேவைப்பட்டால் கடைக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போன் வரும். யாராவது பைக்கில் வந்து என்னை ஏற்றிப் போவார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. ரத்தம் கொடுக்கப் பேசத் தெரிய வேண்டியதில்லை. படுத்துக் கையை நீட்டினால் போதும். முகம் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். வேறு எதற்காகவும் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை.

தோல் டாக்டரிடம் போனது என் சொந்த யோசனை. பெண் டாக்டர் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. பூதக்கண்ணாடியால் தலையைப் பார்த்தார். பரம்பரையாக ஆண்களுக்கு வருகிற வழுக்கைதான், நோயில்லை என்றார். தினம் ஒரு மாத்திரை எழுதுகிறேன், பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது, வந்தாலும் மாத்திரையை நிறுத்தினால் முடி திரும்பக் கொட்டிவிடும் என்றார். சிலருக்கு ஆசை குறையலாம், உறவில் தளர்ச்சி வரலாம், மனசு சோர்ந்து போகலாம், மார்பில் வலியோ வீக்கமோ வரலாம், அப்படி எது வந்தாலும் வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னதுதான் முக்கியம். இந்த மருந்து கர்ப்பிணியின் உடம்புக்குள் போகக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையானால் அதன் ஆணுறுப்பு சரியாக வளராமல் போகலாம். அதனால் உடைந்த மாத்திரையையோ தூளையோ கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையிலும் நான் யாருக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனாலும் போகும்.

"ரத்தம் குடுக்குற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எதிர்க்கடையில் வாங்க வெட்கப்பட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வாங்கினேன். அக்கா வீட்டில் மூச்சு விடவில்லை. இப்படிப்பட்ட மாத்திரை என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும், முடி வந்தது என்று பேச மாட்டார்கள், மற்றது போய்விட்டது என்றுதான் பேசுவார்கள். பெண் தேடுகிற நேரத்தில் அந்தப் பேச்சு போதும். டாக்டர் சொன்ன தளர்ச்சி வருகிறதா என்று நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணமாகாதவன் அதை எப்படி முழுசாகக் கவனிப்பது? எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் வரவில்லை.

ஐந்தாறு மாதத்தில் தலையணையில் முடி விழுவது குறைந்தது. பிறகு உச்சியில் பூனை முடி மாதிரி மெல்லிசாக முளைத்தது. இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு அதைத் தினமும் பார்ப்பேன். பல்பைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். இதற்கிடையில் ரத்தத்துக்குப் போன் வரும்போதெல்லாம் மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மருந்துக் கடைக்காரர் என் கண்ணை உற்றுப் பார்ப்பார்.

அப்போதுதான் அக்கா உண்டாகியிருந்தாள். மூத்த பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி வெகுநாள் கழித்து வந்த பிள்ளை. அக்காவுக்கும் என் ரத்த வகைதான். ஏழாம் மாதம் ஸ்கேன் எடுத்ததில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்துக்கொண்டு இருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், ரத்தப்போக்கு வரலாம், இந்த வகை ரத்தம் கொடுக்க ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மச்சான் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். "ஊரெல்லாம் தேடுவாங்க. நமக்கென்ன, மாப்ள வீட்டுக்குள்ளயே பேங்கு வச்சிருக்காரு" என்றார். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி வெஞ்சனம் வைத்தாள்.

அன்றே மாத்திரையை நிறுத்தினேன். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது, ஒரு மாதம் கழிந்தால் என் ரத்தம் சுத்தமாகிவிடும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். மத்தியானம் மச்சான் லோடு ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஹார்ன் அடித்தார். அக்காவுக்கு ரத்தம் போகத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த வகை ரத்தம் இருப்பில் இல்லை. மதுரைக்குப் போன் போட்டிருக்கிறார்கள், வந்து சேர நேரமாகும், அதற்குள் ஒரு பாட்டிலாவது வேண்டும். மச்சான் ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னார். பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. எடுக்கப் போகிற பிள்ளைதானே, இரண்டு வாரம் ஆகிவிட்டதே, என்ன ஆகிவிடும் என்று ஒரு மனது சொன்னது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. கொடுக்காமல் போனால் அக்கா என்ன ஆவாள் என்பதுதான் தெரிந்தது.

ரத்த வங்கியில் இருந்த டாக்டர் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, காமாலை வந்ததா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. எனக்கு முன்னால் மச்சான் பதில் சொன்னார். "தலவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டான் சார். படுக்க வச்சு எடுங்க."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். அதை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னேன். "சாப்பிட்டேன் சார். முடி முளைக்க. நிறுத்தி ரெண்டு வாரந்தான் ஆகுது."

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். யாருக்கு ரத்தம் என்று கேட்டார். அக்காவுக்கு, பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைத் தள்ளி வைத்தார். மாதம் முடியாமல் எடுக்க முடியாது, கர்ப்பிணிக்கு என்றால் பேச்சே இல்லை, உடனே வேறு ஆள் பாருங்கள் என்றார்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. சத்தம் போடவில்லை. "அங்க அவளுக்கு உசுரு போகுது. நீ மசுரு வளத்துக்கிட்டு இருந்திருக்க" என்றார்.

அப்போது என் வகை ரத்தமே உள்ள ஒரு ஆள் நினைவுக்கு வந்தார். ரத்தம் கொடுக்கும்போது இரண்டு முறை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர். கன்னிவாடியில் புரோட்டா மாஸ்டர் என்று நர்ஸ் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேர் தெரியாது, ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. மச்சானிடம் செத்த நேரம் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அவருடைய நண்பரிடம் பைக் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

கன்னிவாடியில் முதல் இரண்டு கடையிலும் அவர் இல்லை. நான் அளவு எடுக்கும்போதுகூட மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன். அன்று ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, ரத்தம் கொடுக்கிற மாஸ்டர் யார் என்று கேட்டேன். மூன்றாவது கடையில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவுக்குப் பிரசவம், அவசரமாக ரத்தம் வேண்டும் என்றேன். முதலாளி சாயங்கால வியாபாரத்தைச் சொல்லி முணுமுணுத்தார். மாஸ்டர் அதைக் காதில் வாங்காமல் கையைக் கழுவினார். முழங்கைக்கு மேல் மாவு அப்படியே இருந்தது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்ததும் கேட்டார். "ஏன் தம்பி, நீங்களும் நம்ம குரூப்புத்தானே? கூடப்பொறந்த அக்கா வேற. எதுக்கு இம்புட்டு தூரம் என்னயத் தேடி வாரீக?"

முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதால் எனக்குச் சொல்ல முடிந்தது. டாக்டரிடம் போனதிலிருந்து மச்சான் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பிறகு அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு முடி இல்லை.

"நமக்கு அந்தத் தொந்தரவு இல்ல. நீங்க வண்டிய வெரசா விடுங்க" என்றார்.

அவர் ரத்தத்தைச் சோதித்து அக்காவுக்கு ஏற்றத் தொடங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஆபரேஷன் முடிவதற்குள் மதுரை பாட்டிலும் வந்துவிட்டது. ஆண் பிள்ளை. மாதம் நிறையாததால் மெலிவாக இருந்தான், ஆனால் அழுதான். மச்சான் மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். என் பக்கம் வரவில்லை. மாஸ்டரைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லத்தான் என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

மறுநாள் போனபோது வார்டு முழுக்க என் கதை தெரிந்திருந்தது. மச்சான்தான் சொல்லியிருக்கிறார். பெண்கள் என் தலையைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். வராந்தாவில் ஒரு ஆள், மனைவிக்குக் கஞ்சி வாங்கி வந்தவர், தூக்குச் சட்டியோடு என்னை ஓரமாக அழைத்துப்போய் மாத்திரையின் பெயரைக் கேட்டார். அவருக்கும் நெற்றி ஏறியிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், தோல் டாக்டரைப் பார்த்துச் சீட்டு எழுதி வாங்குங்கள் என்றேன். உங்கள் மனைவிக்கு அடுத்த பிள்ளை வரும் காலத்தில் மாத்திரையை வீட்டில் உடைத்துப் போடாதீர்கள், ரத்தம் கொடுக்கிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றேன்.

"அவ்வளவு ஆபத்தா?" என்று பின்வாங்கினார்.

"எனக்கு ஒண்ணும் செய்யலண்ணே. மத்தவுகளுக்காகத்தான் சொல்றேன்" என்றேன்.

அக்கா சாய்ந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. மச்சான் வெளியே போகும்வரை காத்திருந்து, என்னைக் கிட்டே வரச் சொன்னாள். கோபமாகத் திட்டப்போகிறாள் என்று குனிந்தேன். ஊசி குத்தாத கையைத் தூக்கி என் உச்சியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏலே, நெசமாவே வந்திருக்குடா" என்றாள்.

"நிறுத்திட்டேங்கா. கொட்டிரும்."

"ஏன் நிறுத்தணும்? தின்னு. நான் இனிமே பெத்துக்கப் போறதில்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். தையல் போட்ட இடம் இழுத்து முகம் சுளித்தாள்.

பக்கத்தில் பிள்ளை துணிக்குள் சுருண்டு கிடந்தான். ஈரமாகியிருந்தது. துணியை மாற்ற யாரும் இல்லாததால் நானே அவிழ்த்தேன். என்னையறியாமல் நன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புதுத் துணியை மடித்து, அளவாக இழுத்துக் கட்டினேன்.