கோல்ட் என்ற கட்டத்தில் ஒரு டிக்

நான் அடித்த டிக்கால் ஒருவனுக்கு வேலை போனது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். போன வருஷம் எங்கள் ஹெச்.ஆர். அம்மணி ஒரு புது ஃபாரம் நீட்டினார். என் ஷிஃப்டில் கான்ட்ராக்டில் இருந்த இரண்டு பேரில் ஒருவனை நிரந்தரமாக்குவார்கள், இன்னொருவனை அனுப்பிவிடுவார்கள். வேலைத்திறனுக்கு அதில் நாலே வரி. மீதிப் பக்கம் முழுக்க மனசைப் பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகள். ஒரு பக்கம் வார்ம், ஃப்ரெண்ட்லி, கேரிங். எதிர்ப்பக்கம் குளிர்ந்துகிடக்கிற கோல்ட், அலூஃப், டிஸ்டன்ட். பொருந்துவதில் டிக் அடிக்க வேண்டும்.

நான் தமிழ் மீடியம். அலூஃப் என்றால் என்னவென்று மகள் வயசு ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்க வெட்கம். போனில் பார்த்தேன். ‘யாரோடும் ஒட்டாதவர்’ என்று வந்தது. அட, இது இரண்டு பேரில் அந்தப் பேசாதவனேதான் என்று துள்ளினேன்.

அவன் ஃபர்னஸில் நிற்பவன், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன். ஃபர்னஸ் இரைச்சலில் யார் பேச்சும் காதில் விழாது, எல்லாம் கைஜாடைதான். மற்றவர்கள் வெளியே வந்ததும் வாயைத் திறப்பார்கள். இவன் வெளியிலும் அப்படியே. எதிரே வந்தால் ஒரு வணக்கம் கிடையாது. என் ஏசி அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திமிரைப் பார் என்று எனக்கு எரியும்.

இன்னொருவன் பேச்சுக்காரன். “இன்னா சார், டல்லா கீறீங்க? நாஷ்டா துன்னீங்களா?” என்று குழைவான். எனக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. மாலை ரயில் கும்மிடிப்பூண்டியிலேயே புறப்பட்டாலும், ஷிஃப்ட் விட்ட கூட்டம் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடும். ஏழெட்டு மாதமாக ஒரு நீலத் துண்டு எனக்காக ஜன்னலோரம் கிடந்தது. பக்கத்து இடத்திலிருந்து “குந்துங்க சார்” என்று துண்டை எடுத்துவிட்டவன் பேச்சுக்காரன். அவனுக்கு வார்ம், கேரிங் என்று வரிசையாக அடித்தேன். பேசாதவனுக்குக் கோல்ட், அலூஃப். பேனாவை அழுத்தியே அடித்தேன், புத்திகெட்டவன்.

பேசாதவனை அனுப்பிவிட்டார்கள். அவனுக்குக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. அதற்கு மேலே ‘வித் வார்ம் ரிகார்ட்ஸ்’ என்று அச்சடித்திருந்தது. வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ரயிலில் துண்டு இல்லை. பேச்சுக்காரன் மட்டும் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“இன்னாப்பா, இன்னிக்கு துண்டு போடலியா?”

“நானா? நான் எங்க சார் போட்டேன்! அது அவன் துண்டு. நீங்க முதுகப் புடிச்சிக்கினு நடக்கறத தெனம் பாத்துக்கினே இருப்பான். சாருக்குச் சொல்லாதன்னுட்டு, எடத்தப் புடிச்சிட்டு வாசலாண்ட போய் நின்னுக்குவான்.”

“அத ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே சார்.”

அன்று பொன்னேரி வரை நின்றுகொண்டே போனேன். மறுநாள் காலையில் ஹெச்.ஆர். அறைக்கு ஓடினேன்.

“நீங்கதானே சார் கோல்டுன்னு போட்டீங்க? ஃபாரம் ஹெட் ஆபீஸ் போயிடுச்சு. இப்ப மாத்துங்கன்னு எழுதிக் குடுத்தா, உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க.”

உன் ஃபாரத்தில் கொள்ளி வைக்க என்று வாய்வரை வந்தது. எழுதிக் கொடுக்கிறேன் என்று மட்டும் வரவில்லை. என் வேலையை நினைத்துப் பயந்து திரும்பினேன்.

போன வாரம் அதே ரயிலில் அவனைப் பார்த்தேன். பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில் தினக்கூலியாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த என்னைக் கண்டதும் எழுந்தான். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நான் தடுமாறும்போதே, நீலத் துண்டால் இருக்கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். பிறகு வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

எனக்கு முதுகு வலித்தது. கூசாமல் உட்கார்ந்துவிட்டேன்.