அய்யாவுவின் முத்திரைச் சீட்டுகள்

"என்ன போட்டிருக்கான்?" என்று அய்யாவு கேட்டார்.

"நவம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து ரப்பர் கட்டுப்பாட்டை எடுத்துடறாங்களாம், பெரியப்பா."

"யாரு சொன்னது?"

"லண்டன் பார்லிமெண்டுல."

"திரும்பப் படி."

புஷ்பவல்லி ஆங்கிலப் பத்திரிகையை மறுபடியும் ஒரு வரி விடாமல் படித்துத் தமிழில் சொன்னாள்.

"அப்ப கூப்பன் செல்லாதா?"

"கூப்பனே வேண்டியிருக்காது. யாரும் சீட்டு இல்லாமலே ரப்பரைக் கப்பல்ல ஏத்தலாம்."

"நாலு வருசம் வெள்ளைக்காரச்சிக்கிட்ட படிச்சதும் கவர்னர் ஆயிட்ட நெனப்பு."

"நான் சொல்லல. பேப்பர்ல இருக்கு."

அடுப்படியிலிருந்து பெரியம்மா நல்லம்மாள், "அவ தப்பாப் படிக்க மாட்டா. ரயில்வேலேருந்து வர்ற சூராட்டு, கடுதாசியெல்லாம் அவதானே படிச்சுச் சொல்றா?" என்றாள்.

"நீ சோத்தைப் பாரு," என்றார் அய்யாவு. பத்திரிகையைப் பிடுங்கி நாலாக மடித்து உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அது 1928 ஏப்ரல். பிரிக்பீல்ட்ஸில் அவருக்கு ஆறு வண்டி, ஆறு சோடி மாடு. இருபது வருடமாகச் சர்க்கார் வேலைக்குச் செங்கல் ஏற்றியவர். ஒவ்வொரு நடைக்கும் முத்திரை குத்திய சீட்டொன்று கொடுப்பார்கள். அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் நீட்டினால் வெள்ளிப் பணம் கைக்கு வரும். ஒரு சீட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. முத்திரை இருந்தால் பணம் என்பது அவர் மனதில் அப்படித்தான் ஊறிப் போனது.

ரப்பர் விலை விழாமலிருக்க, ஒவ்வொரு தோட்டமும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று சர்க்கார் அளவு வைத்திருந்தது. அந்த அளவுக்கு முத்திரை குத்திக் கொடுத்த சீட்டுதான் கூப்பன். சரக்குக் குறைந்தவன் விற்பான், மிஞ்சியவன் வாங்குவான். லண்டன் செய்தி வந்ததும் கூப்பன் விலை சரிந்தது. கிள்ளான் தரகர் கன்னையா கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். சர்க்கார் முத்திரை இவ்வளவு மலிவாகக் கிடைத்து அய்யாவு பார்த்ததேயில்லை. மூன்று சோடி மாட்டை விற்று வாங்கினார். அதுவும் போதாமல் நல்லம்மாளின் அட்டிகையையும் விற்றார். டின் நிறைந்துபோய் இன்னொரு டின் வந்தது.

செப்டம்பரில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. சர்க்கார் ஆட்கள் தொழுவத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மீதியிருந்த மூன்று சோடியும் பத்து நாளில் செத்தன. வண்டிகள் வெயிலில் கிடந்து பிளந்தன. அப்போதும் அவர் வாய் அடங்கவில்லை. "மாடு போனா போவுது. டின்னு இருக்கு."

நவம்பர் ஒன்றாம் தேதி கூப்பன் வெறும் காகிதமானது. கிள்ளானுக்குப் போனவரைக் கன்னையாவின் கடை ஆள் உள்ளேயே விடவில்லை. திரும்பி வந்தவர் அன்றைக்கு நல்லம்மாளை அடித்தார். புஷ்பவல்லி குறுக்கே போய் நின்றாள். "எஞ் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குறுக்க நிக்கிறியா?" என்றார். தகப்பன் இறந்ததிலிருந்து அவள் தின்றது அவர் சோறுதான். பள்ளிக்கூடச் சம்பளமும் அவர் கட்டியதுதான்.

மறுவாரம் தண்ணீர்க் குழாயடியில்தான் மீதி விஷயம் அவளுக்குத் தெரிந்தது. வண்டிக்கார இராமலிங்கம் அவள் குடத்தைக் காலால் நகர்த்தினான்.

"இங்கிலீசு மகராணி வர்றாங்க, வழி விடுங்கடா. எங்க நாலு பேரு காசையும் படிச்சே தீத்தவங்க."

"நான் என்ன செஞ்சேன் அண்ணே?"

"கட்டுப்பாட்டை இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டிட்டாங்கன்னு நீதானே படிச்ச? உம் பெரியப்பன் சொல்லித்தானே நாங்களும் வாங்கினோம்?"

"நான் அப்படிப் படிக்கல."

"அப்ப அவரு பொய் சொன்னாரா?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் சிரித்தார்கள். அவள் பதில் சொல்லாததையே அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். தை பிறந்ததும் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அவளை வேலைக்கு வைப்பதாகப் பள்ளிக்கூடக் கமிட்டி சொல்லியிருந்தது. கமிட்டித் தலைவர் கார்த்திகேசு, "நீ பேப்பரைத் தப்பாப் படிச்சுச் சொன்னதா ஒரு பேச்சு காதுல விழுதே, உண்மையா?" என்று ஆளனுப்பிக் கேட்டார். அந்த வேலை கிடைத்தால் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடலாம் என்பது அவள் எண்ணம். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் நேரில் வந்து பதில் சொல்வதாகச் சொல்லியனுப்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அய்யாவு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். வண்டிக்காரர்கள் எறிந்த சாணி சட்டையில் காய்ந்திருந்தது. வெகுநேரம் டின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நாளைக்கு அவனுங்க எல்லாரும் கோயிலுக்கு வருவானுங்க," என்றார். "நீ பொம்பளப் புள்ள, உன்னை யாரும் அடிக்கப்போறதில்ல. நான் பொய் சொன்னது தெரிஞ்சா என்னைத்தான் கொல்லுவானுங்க. 'நாந்தான் தப்பாப் படிச்சேன்'னு அவனுங்க முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லிடு, புள்ள."