டைனமோ வேகத்தில் ஒரு பிள்ளையார் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பெண்களுக்கும் ஒரு கீபோர்ட்டுக்கும் ஓட்டப்போட்டி. கீபோர்ட் வென்றது.

உண்மையில் அது பாட்டு ஒத்திகை. வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவில், வசந்தமண்டபப் பூசைக்கு என் மனுசியின் பிரார்த்தனைக் குழு பாட வேண்டும். பாட்டு நான் எழுதியது. எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் எழுதிய ஆறே ஆறு வரி!

“தேவாரம் இருக்க இதென்ன புதுப்பாட்டு?” என்று பரிபாலன சபைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். மனுசி விடவில்லை. “ஒருக்காப் பாட விடுங்கோ. சரியில்லையெண்டால் இனிக் கேக்கமாட்டம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தா.

ஆக, ஒரே ஒரு சந்தர்ப்பம். ஒத்திகையிலோ, இவர்கள் ‘பிள்ளையாரே’ என்று வாயெடுக்க, கீபோர்ட் வாசிக்க மாங்குளத்திலிருந்து வந்த குமரன் மாஸ்டரின் விரல்கள் அடுத்த வரியில் நின்றன.

“மாஸ்டர், எங்க இந்த ஓட்டம் ஓடுறியள்? பஸ்ஸுக்கோ?” மனுசி கேட்டா.

“நான் ஓடேல்ல அக்கா. மெட்டின்ர வேகமே இதுதான்.”

மெட்டு என்னுடையது இல்லை. ஒரு சினிமாவின் தீம் இசை. ஐம்பது வயலினாவது இருக்கும்... எல்லாம் ஒன்றாக எழும்பி அடங்க, நடுவில் ஒரு புல்லாங்குழல் மட்டும் தனித்து நிற்கும். பாடகர் இல்லை. சொல் இல்லை.

சொல் இல்லாத இசையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நானும் ஒன்று கேட்கிறேன். மூலஸ்தானத்தில் திரை போட்டிருக்கும்போது மேளமும் நாதஸ்வரமும் மட்டும்தானே கேட்கிறது? சுவாமியையும் காணவில்லை, ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஏன் கண் கலங்குகிறது? படத்தின் பின்னணி இசையும் அப்படித்தான். தாய் கதவைச் சாத்துகிறாள் – வயலின் எழும்புகிறது – நாங்கள் அழுகிறோம். அழவைத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிற்பாடு அதே தீமுக்கு யாரோ வரி எழுதி, காதல் பாட்டாக வெளிவந்தது. கலியாண வீடு, சலூன் கடை, பஸ்... எங்கும் அதுதான். மனுசிக்குப் பிடிக்கவில்லை. “இவ்வளவு நாளும் ஆருக்கெண்டு சொல்லாமல் அழுத மனுசன், இப்ப பேர் சொல்லி அழுற மாதிரிக் கிடக்கு” என்றா. அந்த மெட்டை ஒரு பெட்டைக்குக் கொடுக்கலாமென்றால், பிள்ளையாருக்குக் கொடுத்தால் என்ன? அப்படித்தான் பேனையை எடுத்தேன்.

மாஸ்டர் போனில் அசல் இசையைப் போட்டுக் காட்டினார். வயலின்கள் குதிரை மாதிரிப் பாய்ந்தன.

“இது எங்கட பாட்டில்லை” – மனுசி அடித்துச் சொன்னா. “காதல் பாட்டை, பெடியள் ஆடட்டும் எண்டு அவசரப்படுத்திப்போட்டினம் எண்டுதான் நினைச்சம். இதுவுமோ?”

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்கள் இதை முதன்முதல் எதில கேட்டனீங்கள்?”

“கசற்றில. கரண்டும் இல்லாத, பற்றரியும் இல்லாத சண்டைக் காலம். சைக்கிளை ஸ்ராண்டில விட்டு நான் ஏறி மிதிக்க, டைனமோவில கசற் பாடும்.”

“இது எத்தினையாவது?”

“கடைசி. அஞ்சு பாட்டும் முடியத்தான் இது வரும்.”

மாஸ்டர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஐந்து பாட்டுக்கு மிதித்த கால் ஆறாவதுக்கு எப்படி மிதிக்கும்? கால் களைக்கக் கசற் களைத்தது. கசற் களைக்க வயலினும் களைத்தது. சுருதியும் இறங்கியது. கலியாணம் செய்த புதிது... பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக் கேட்டவா என் மனுசி.

“அப்ப... உங்கட கால் நோவைத்தான் நான் இவ்வளவு காலமும் பக்தி எண்டு நினைச்சனானோ?”

விறாந்தையில் எழும்பிய சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் வேலி தாண்டின.

வரிக்கு இரண்டு சொல்லை வெட்டினால் வேகத்துக்குப் பொருந்தும் என்றார் மாஸ்டர். மனுசி சிரிப்பை நிறுத்தினா.

“ஒரு சொல்லும் வெட்டக்கூடாது. எங்களுக்கு எப்பிடிக் கேட்டுதோ, அதுதான் எங்கட பாட்டு. இஞ்சருங்கோ, சைக்கிளைக் கொண்டந்து ஸ்ராண்டில விடுங்கோ!”

மிதித்தேன். இந்த வயதில், பட்டப்பகலில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு! என் முழங்கால் ஏறி இறங்குவதைப் பார்த்து மாஸ்டர் அதே வேகத்துக்கு வாசித்தார்.

“இன்னும் களையுங்கோ... இன்னும் கொஞ்சம்... ஆ, இதுதான்!” என்றா மனுசி.

நடிக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. திரை போட்டிருந்தது. கீபோர்ட் மெல்லத் தொடங்கியது. முதல் சுற்று சொல் இல்லாமல் – அது மனுசியின் கட்டளை. இரண்டாம் சுற்றுக்குத் திரை விலகியது. தீபம் எழும்பியது. ஐந்து பேரும் ஒன்றாக எடுத்தார்கள். ஒரு சொல் சிந்தவில்லை. நான் பிள்ளையாரைப் பார்த்தேனா, மனுசியைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

பூசை முடிய, தலைவர் நேரே வந்தார்.

“தேவாரம் போல அவசரமில்லாமல் நல்ல ஆறுதலாப் போகுது, பிள்ளை. வாற வருசமும் இதைப் பாடோணும். என்ன இராகம் இது?”

மனுசி என்னைத் திரும்பிப் பார்த்தா. “எனக்குத் தெரியாது ஐயா. இவரைக் கேளுங்கோ. இவர்தான் மிதிச்சவர்.”

ஐம்பது பேர் வாசித்த இசை அது. ஐம்பத்தோராவது ஆள், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இதை எழுதுகிறேன்.