ஹைட்சுங்குக்குப் பக்கத்தில் வைத்த சோறு

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள், இந்த நாட்டில் தோசை மா புளிக்காது. ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் இரவு அரைத்து வைத்த மா, விடிய அரைத்தபடியே கிடந்தது. எனக்குப் புத்தி வர மூன்று மாரி பிடித்தது. சட்டியைக் கம்பளியால் சுற்றி, ஹைட்சுங் என்கிற சுவர்ச் சூடாக்கிக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைப் போலக் கிடத்தினேன். எங்கள் கட்டடத்தில் எங்கள் வீட்டு ஹைட்சுங்தான் ஒழுங்காகச் சுடும். அதனால்தான் எதிர்வீட்டு ஹோவா தன் பானையை எங்களிடம் கொண்டுவந்தாள்.

ஹோவா வியட்நாம்காரி. கடல்வழியாகத் தப்பி வந்தவள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்குப் பாதி தெரிந்த ஜெர்மன். மிச்சக் கதையெல்லாம் சாப்பாட்டுக் கோப்பைகளில்தான் போய்வந்தது. அன்றைக்குப் பானையைத் துண்டால் மூடிவைத்துவிட்டு, “வாம். டிறை டாக,” என்றாள். சூடு, மூன்று நாள். வழக்கமாகத் தருகிறவள்தானே, சூடாக வைத்து மூன்று நாளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் வேறு கறி கிடந்ததால் பானையை மறந்தும் போனேன்.

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த மாரி அது. அம்மாவின் கடிதம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. எந்த வேலையைத் தொட்டாலும் மனம் தபால்பெட்டியில்தான் நின்றது.

மூன்றாம் நாள் துண்டை விலக்கினால் குப்பென்று ஒரு மணம். சோறு குழைந்து தண்ணீர் விட்டிருந்தது. பழுதாக விட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் சோற்றைக் கொட்ட எங்களுக்குக் கை வராது. அம்மா படிப்பிக்கப் போகிற அவசரத்திலும் நின்றபடியே பழஞ்சோறு பிசைந்து தருவா. அந்த நினைப்பிலேயே உப்பு, சின்னவெங்காயம், பச்சைமிளகாய், தயிர் எல்லாம் போட்டுப் பிசைந்துவிட்டேன். இவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, “இண்டைக்கு என்ன போட்டனீர்? அந்தமாதிரி இருக்கு,” என்றார். மூன்றாவது கோப்பையோடு கதிரையிலேயே நித்திரை. எனக்கும் காது சுட்டது. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டாமா, இந்த மண்டைக்கு?

பின்னேரம் ஹோவா நல்ல உடுப்பு உடுத்து வந்தாள். கழுவிக் கவிழ்த்த பானையைக் கண்டதும் அப்படியே இருந்துவிட்டாள். கையாலும் ஜெர்மனாலும் அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. அது இனிப்பு அரிசி வைன். அதைப் புளிக்கவைக்கும் மாவுருண்டைகளை அவள் தங்கை வியட்நாமில் இருந்து அனுப்பியிருந்தாளாம். கடைசி இரண்டையும் பொடித்து அந்தச் சோற்றில் தூவியிருந்தாள். அன்று அவள் தாயின் நினைவுநாள். செத்தவீட்டுக்குப் போக முடியாதவள், வருசத்தில் ஒருநாள் இதையாவது படைப்பாளாம்.

கடையில் வைன் வாங்கிவரட்டா என்று இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். பேசாமல் இருங்கோ என்று பாய்ந்தேன். ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஹோவா கேட்டாள். அவளுக்கென்று எடுத்துவைத்த ஒரு கிளாஸ் இருந்தது. வெட்கத்தோடு நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள், கண் கலங்கியது. மிளகாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. கிளாஸை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

தாயின் படத்துக்கு முன்னால் அதை வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, செய்தவள் நீதானே, நீயே அம்மாவிடம் சொல்லு என்றாள். அந்த அம்மாவுக்கு ஜெர்மனும் தெரியாது, தமிழும் தெரியாது.

“அம்மா, உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு. குறை நினையாதேங்கோ,” என்றேன்.

அதை நான் ஜெர்மனில் சொல்ல, ஹோவா தன் பாஷையில் படத்துக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு, உன் அம்மா எங்கே என்று கேட்டாள். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை, ஊரில் சண்டை என்றேன். அவள் முகம் வாடியது. இன்னொரு ஊதுபத்தியை எடுத்து நெருப்பில் பிடிக்கப் போனாள்.

எட்டி அவள் கையைப் பிடித்தேன். ஜெர்மன் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

“வேண்டாம், ஹோவா. என்ர அம்மா இருக்கிறா.”

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஊதுபத்தியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.