பல் வைத்தியர் எங்கே நிற்பது?

ஆளைப் படம் எடுப்பது அரை நிமிட வேலை. அந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குக் கூலி. காமெராவைத் தோளில் மாட்டிய எல்லோருக்கும் இது தெரியும், கழுத்துவலி உட்பட. இலங்கை மலையகத்து ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். புகைப்படத்தில் புகை எங்கிருந்து வந்தது என்று விளக்கி, வந்தவர்களை நேரத்துக்கு வீடு போகவிடாதவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. அப்படிப்பட்டவனின் வாயையே அடைத்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் பெயர் புவனா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து பல் வைத்தியரானவர். கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் கிளினிக் திறக்க வந்திருந்தார். வாசல் பெயர்ப்பலகையில் அவர் படம் பெரிதாக வர வேண்டும். "படத்தப் பார்த்து நம்ம தோட்டத்து ஆளுங்க வரணும்ண்ணே. அவங்க வரலன்னா இங்க எனக்கு என்ன வேலை? திரும்ப கொழும்புக்கே போயிடுவேன்" என்றார். கூடவே அவருடைய அப்பா பெருமாள், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் நமக்குத்தான் சேதம்.

பச்சை மலை

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் இடம் பார்த்தேன். சரிவு முழுக்க இளம்பச்சை; தூரிகையால் இழுத்துவிட்டது போல. வெள்ளைக் கோட்டுக்கு இதைவிட நல்ல பின்னணி உலகத்தில் இல்லை என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மூவரும் போனோம். மலையைக் காணவில்லை. மலை இருந்தது, பச்சையைக் காணவில்லை. திங்கட்கிழமையே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள். முழங்கால் உயரத்துக்குக் கறுத்த கட்டைகள், வரிசை வரிசையாக. நான் காமெரா முக்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பெருமாள் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். "பல்லெல்லாம் ஒடஞ்சு வேர் மட்டும் நிக்கிற வாய் மாதிரி இருக்கு தம்பி. தொழிலுக்குப் பொருத்தம்தான்."

வெள்ளைக் கோட்டு

அடுத்து ஓடைக்கரை. ஈரப் புல், பின்னால் மூடுபனி. என் கண்ணுக்கு அன்று ஓவியம்தான் தெரிந்தது. புல்லுக்குள் என்ன குடியிருக்கிறது என்று தெரியவில்லை. படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கோட்டின் கழுத்துப்பட்டியிலிருந்து சட்டைப்பை வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. அட்டை கழுத்து வரைக்கும் ஏறி, குடித்து முடித்து, விழுந்தும் போயிருந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

நான் பதறிக் கைக்குட்டையைத் தேடினேன். புவனா திரையை எட்டிப் பார்த்தார். கையில் ஊசி மட்டும்தான் குறை, மற்றபடி கொலைக்களம். "இத மாட்டுனா ஊரே ஒழுங்கா பல்லு வெலக்க ஆரம்பிச்சிடும்ண்ணே. எனக்குத்தான் வேலை இருக்காது."

துரை பங்களா

தெரிந்தவர் ஒருவர் மூலம் தோட்ட மேனேஜரின் பங்களாவில் அனுமதி வாங்கினேன். வெட்டிவிட்ட புல்தரை, ரோஜா, ஓட்டுக்கூரையில் புகைபோக்கி. அந்தப் புகைபோக்கி எந்தக் காலத்துப் பாணி என்று நான் விளக்க, புவனா கொட்டாவியை அடக்கினார். பெருமாள் கேட்டைத் தாண்டி வரவில்லை. "இங்க வெயிலு நல்லா இருக்கு" என்றார். தூறிக்கொண்டிருந்தது.

படம் பிரமாதம். பெருமையோடு அச்சடித்து, புவனா சொன்னபடி அவர்கள் லயத்துப் பாக்கியம் அக்காவிடம் கொண்டு போனேன். பாக்கியம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அந்த லயத்தில் யார் எந்தக் கடைக்குப் போவது, எந்த டொக்டரிடம் போவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும் தீர்ப்பு. படத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா அந்த வாசப்படியில எங்கள ஏத்த மாட்டாங்களே தம்பி. பல்லு வலிச்சா நாங்க கிராம்பு வச்சிக்கிறோம்."

லயத்து வாசல்

ஆகவே நேர் எதிராகப் போனேன். லயத்து வாசலிலேயே, அவர்கள் குடியிருந்த பழைய காம்பராக் கதவுக்கு முன்னால் புவனாவை நிறுத்தினேன். இதில் யார் மிரளப் போகிறார்கள்? அதே பாக்கியம் அக்காவிடம் எடுத்த கையோடு திரையில் காட்டினேன். இந்த முறை சிரித்தார். சிரித்த விதம்தான் சரியில்லை. பக்கத்தில் நின்ற புவனாவின் முகம் சுருங்கியதை அவர் கவனிக்கவே இல்லை. "நம்ம பெருமாள் மவ. மூக்கு ஒழுக எங்க வாசல்ல ஓடுன புள்ள. அதுக்கிட்டப் போயி வாயத் தொறந்தா எனக்குச் சிரிப்பு வந்துடாது?"

பெருமாள் காட்டிய இடம்

திரும்பும் வழியில் புவனா கைப்பேசியில் கொழும்பு பஸ் நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் பெருமாள் முதல்முறையாக, தானே ஒரு இடம் சொன்னார்.

தேயிலைக்கு மேலே ஏறினோம். ஒரு மேட்டுத்தரை, ஒற்றை மரம், அதன் அடியில் புல் மூடிய ஒரு சின்ன மேடு, கீழே லயங்கள், அதற்கும் கீழே நீர்த்தேக்கம். மேகம் வடிகட்டிய வெளிச்சம். இவ்வளவு காலம் இந்த இடம் எனக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு ஆத்திரம். புவனா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இடுப்புக்கு மேலேதானே படம் என்று நானும் விட்டுவிட்டேன். "கொஞ்சம் சிரிங்க. பல் தெரியட்டும், பல் வைத்தியர்தானே?" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார், இந்த வேலை தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக. "அந்தச் சின்ன மேட்டுல ஏறி நில்லுங்க" என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டி மறுத்துவிட்டார்; மேடு அவருக்குப் பின்னால் படத்தில் விழுந்தது.

எடுத்து முடித்ததும், இப்படி ஒரு இடத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று பெருமாளைக் கேட்டேன். அவர் அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இவ அம்மாவ இங்கதான் பொதச்சோம் தம்பி. பல்லு வலின்னு சொன்னா. வேலைக்குப் போகாம இருக்க சாக்குன்னு தோட்டத்துல நெனச்சாங்க, நானுந்தான். கன்னம் வீங்கி காய்ச்சல் கண்ட பொறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வரல."

கல் இல்லை, பெயர் இல்லை. தோட்டத்தில் புதைத்த இடம் புதைத்தவர்களுக்குத்தான் தெரியும். அதன் மேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறேன். பல் தெரியச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். படங்களை அழிப்பதற்கு விரல் போனபோது புவனா என் கையைப் பிடித்தார். "அழிக்காதீங்கண்ணே. நல்லாத்தானே வந்திருக்கு. இடம் சரியா இருக்குல்ல?"

பெயர்ப்பலகை

பலகை ஏறியது. டவுன் ஆட்களுக்கு அது வெறும் மலைக்காட்சி. சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவர் என் ஸ்டூடியோவுக்கே வந்து, அந்த இடத்துக்கு வேன் போகுமா என்று கேட்டார். போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திறந்த அன்று மதியம் வரை உள்ளே போனவர்கள் அரசாங்க உத்தியோகத்தர் இருவர் மட்டுமே. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு லயத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு பாக்கியம் அக்கா வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் தெருவைக் கடந்து போய், உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். பாக்கியம் அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கன்னத்தைத் தடவினார். "அந்த மேடு யாருதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? அங்க நின்ன புள்ள, எங்க வலியப் பொய்யின்னு சொல்லாது." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

இப்போதெல்லாம் ஒரு இடம் எனக்குப் பிடித்துப்போனால், வெளிச்சத்தை அளப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் முக்காலியை ஊன்றுகிறேன்.